செமி ஓட்டோ துவக்கு சிக்குதா? முதலில் எண்ணெய்ப் போத்தலைத் தள்ளி வையுங்கள்

தம்பலகாமத்தில் எங்கள் வயலில் பன்றிக் காவலுக்கு அப்பாவிடம் ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று இருக்கிறது. வருடா வருடம் உரிமத்தைப் புதுப்பிப்பார், வாரா வாரம் எண்ணெய் பூசுவார். திருகோணமலைக் காற்றில் உப்பு அப்படி. உப்புவெளியில் சித்தப்பா வீட்டு ஜன்னல் கம்பி இரண்டு மாரி தாண்டுவதற்குள் செதில் செதிலாக உரிந்துவிடும். இரும்பென்றால் எண்ணெய், நிறைய எண்ணெய் என்றுதான் நான் வளர்ந்தேன்.

அந்தப் பழக்கத்தைக் கட்டிக்கொண்டு கனடாவுக்குப் போனேன். அங்கே உரிமம் எடுத்து, பன்னிரண்டு போர் (குழல் அளவு) செமி ஓட்டோ, அதாவது ஒரு வெடி போனதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துவக்கு, ஒன்றை இரண்டாம் கையில் வாங்கி, அப்பா செய்கிற மாதிரியே மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றி மிஞ்சிய கெட்டி என்ஜின் ஒயிலை உள்ளும் புறமும் பூசினேன். நவம்பர் மாத விடியற்காலை, மைனஸ் பன்னிரண்டு பாகை, தலைக்கு மேலே கூஸ் கூட்டம். முதல் வெடி போனது. இரண்டாவதுக்கு விசையை இழுத்தால் ஒன்றுமில்லை, குழலின் பின்வாயை மூடித் திறக்கும் இரும்புக் கட்டையான போல்ட் பாதி வழியில் தேனில் விழுந்த எறும்பு மாதிரி நிற்கிறது. வாங்கிய துவக்கே கூடாது என்று இரண்டு கிழமை எல்லோரிடமும் திட்டித் திரிந்தேன். பிழை முழுக்க என் ஒயிலில்தான்.

இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டேன், அந்தத் துவக்கையும் அங்கேயே விற்றுவிட்டேன், ஆனாலும் இரவு பத்து மணிக்குப் பிறகு வட்ஸ்அப்பில் அழைப்பு வரும். "மச்சான், இந்தச் சனியன் திரும்பவும் சிக்குது, வித்துப்போட்டு வேற வாங்கவா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். புதிதாகத் துவக்கு வைத்திருப்பவர்களுக்கு, உரிமத்தோடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு: அவுஸ்திரேலியாவில் 1996க்குப் பிறகு செமி ஓட்டோ சாதாரண ஆளுக்குக் கிடைப்பதே கஷ்டம், கனடாவில் வாத்து, கூஸ் போன்ற வலசைப் பறவை வேட்டைக்கு சுடும் தோட்டா உட்காரும் அறையும், மற்றத் தோட்டாக்கள் காத்திருக்கும் மகசினும் சேர்த்து மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. உங்கள் இடத்து விதியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதல் வேலை: வெறுமையாக்குங்கள்

ஒற்றைக்குழலை மடித்துத் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்கு முன்னால் தெரியும். செமி ஓட்டோவில் அப்படியில்லை. அறையில் ஒன்று இருக்கும், குழலுக்குக் கீழே கை பிடிக்கும் முன்கட்டைக்குள் ஓடும் மகசின் குழாயில் இன்னும் இரண்டு ஒளிந்திருக்கும். குழல் வாய் ஆபத்தில்லாத பக்கம் பார்த்திருக்க, விரல் விசைக்கு வெளியே இருக்க, அறையில் உள்ளதை எடுங்கள், மகசினைக் காலியாக்குங்கள், பிறகு மறுபடியும் அறையைப் பாருங்கள், ஏனென்றால் இடையில் ஒன்று உள்ளே ஏறியிருக்கலாம். பார்த்தது போதாது, சுண்டுவிரலை விட்டுத் தடவுங்கள். போல்ட் பின்னால் பூட்டி நிற்கும்போது மட்டும் விரலை விடுங்கள், அது பாய்ந்து மூடினால் நகம் மிஞ்சாது. தோட்டாக்களை வீட்டில் வேறொரு அறையில் வைத்துவிட்டு வந்து வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்து: உங்களுடையது எந்த வகை?

இதைத் தெரியாமல்தான் முக்கால்வாசிப் பேர் தவறான இடத்தைத் துடைக்கிறார்கள். வாயுவில் ஓடுவது ஒரு வகை. குழலில் சின்னத் துளைகள் இருக்கும், வெடித்த வாயுவில் கொஞ்சம் அதன் வழியே இறங்கிப் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் போல்ட்டைத் தள்ளும். 1963இல் வந்த றெமிங்ரன் 1100, இப்போதைய பெரெட்டா ஏ400 எல்லாம் இந்தச் சாதி. தோளில் உதை குறைவு, ஆனால் கரி உள்ளேயே தங்கும். 1100இல் குழலுக்கும் மகசின் குழாய்க்கும் நடுவே ஒரு றப்பர் வளையம் இருக்கிறது, அது வெடித்துப்போனாலோ துடைக்கும்போது தொலைந்தாலோ துவக்கு ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுக்கிற துவக்காகிவிடும். மலிவான சாமான். பையில் இரண்டு வைத்திருங்கள்.

இரண்டாவது வகை, பெனெல்லி என்ற துவக்குக் கம்பனிக்காரர் பிரபலமாக்கிய நிலைம வகை. வெடிக்கும்போது துவக்கு பின்னால் போகும், கனமான போல்ட் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும், நடுவில் உள்ள தடித்த ஸ்பிரிங் நசுங்கி, பிறகு விரிந்து போல்ட்டைப் பின்னால் எறியும். வாயு உள்ளே வராததால் சுத்தமாக இருக்கும். ஆனால் துவக்கு பின்னால் நகர்ந்தால்தான் இது வேலை செய்யும், அதனால் லைட்டு, தோட்டாப் பட்டி என்று பாரத்தை ஏற்றிக்கொண்டே போனால் மெல்லிய தோட்டாவுக்குச் சிக்கத் தொடங்கும். இன்னொன்று, போல்ட்டை மெதுவாகக் கையால் விட்டு மூடினால் அதன் தலை முழுதாகத் திரும்பிப் பூட்டாமல் நிற்கும், விசையை இழுத்தால் வெறும் 'கிளிக்'. சத்தம் வருமென்று பயந்து பூனை மாதிரி மூடாதீர்கள், விட்டுவிடுங்கள், தானாக அடித்து மூடட்டும்.

பழைய பிரவுணிங் ஓட்டோ 5 வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள், அது 1902 முதல் தயாரான துவக்கு, குழலே பின்னால் ஓடிவரும். அதில் உராய்வு வளையங்களைத் தோட்டாவின் கனத்துக்கு ஏற்ற மாதிரி அடுக்க வேண்டும். பிழையாக அடுக்கிக் கனமான தோட்டாவைச் சுட்டால் முன்கட்டையில் வெடிப்பு விழலாம்.

துவக்கைத் திட்டுவதற்கு முன் தோட்டாவைப் பாருங்கள்

தோட்டாப் பெட்டியை எடுத்து எழுத்தை வாசியுங்கள். 24 கிராம் (உள்ளே இருக்கும் சன்னத்தின் நிறை) இலக்குச் சுடும் தோட்டாவை, வாத்துக்கென்று செய்த புதுத் துவக்கில் போட்டுவிட்டுச் சிக்குது என்றால் துவக்கு என்ன செய்யும்? புதுத் துவக்கின் ஸ்பிரிங் எல்லாம் இறுக்கமாக இருக்கும், கையேடு அனுமதித்தால் முதல் சில பெட்டி 32 கிராம் அல்லது அதற்குக் கொஞ்சம் மேலான தோட்டாவில் சுட்டு இளக்கிவிட்டு, பிறகு மெல்லியதுக்கு இறங்குங்கள்.

நீளமும் முக்கியம். பெட்டியில் 70 மில்லிமீற்றர் என்று இருப்பது சுட்டபின் வாய் விரிந்த கோதின், அதாவது வெற்றுத் தோட்டா உறையின், நீளம், சுடாத தோட்டா அதைவிடக் குட்டை. அதனால்தான் 76 தோட்டா 70 அறைக்குள் நோகாமல் போய் உட்கார்ந்துகொள்ளும், வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். உள்ளே போகிறதே என்று சுடாதீர்கள். குழலில் அறையின் நீளம் பொறித்திருக்கும்.

கழற்றுவது

கைபேசியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு துண்டும் கழன்றவுடன் ஒரு படம் எடுங்கள். மகசின் மூடி, முன்கட்டை, குழல், பிஸ்டன், போல்ட் கைப்பிடி, போல்ட், கடைசியில் விசைத் தொகுதி. துவக்குக்குத் துவக்கு வரிசை கொஞ்சம் மாறும், கையேட்டைப் பாருங்கள். பிஸ்டனைத் தலைகீழாக மாட்டிவிட்டு 'முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தானே ஓடினது' என்று அழுத ஒருவனை எனக்குத் தெரியும், பெயர் சொன்னால் அடிக்க வருவான். விசைத் தொகுதியை வெளியே எடுத்தால் ஊதித் துடையுங்கள், அதற்குள் திருகாணி முடுக்கப் போகாதீர்கள், அது துவக்கு திருத்துபவரின் வேலை.

சுத்தம்

வாயுத் துளைகளில் கரி கல்லாக இறுகியிருக்கும். குழாய் துடைக்கும் பஞ்சுக் கம்பியும் கரைப்பானும் போதும், துளைக் கருவி கிட்டவே வேண்டாம், துளை பெருத்தால் துவக்கு தன்னைத்தானே அடித்து உடைக்கும். மகசின் குழாயின் வெளிப்புறம், பிஸ்டனின் உட்புறம் பளபளக்கட்டும். அடுத்தது தோட்டா அறை. குழலைக் கண்ணாடியாகத் துடைக்கிறவர்கள்கூட இதைத் தாண்டிப் போவார்கள், மெல்லிய துருவும் பிளாஸ்ரிக் பூச்சும் சேர்ந்தால் சுட்ட கோது சுவரோடு ஒட்டிக்கொள்ளும். குழலைவிட அறை அகலம், அதற்கென்று உள்ள பிறஷைப் போட்டுச் சுழற்றுங்கள். கோதைப் பிடித்து இழுக்கும் கொக்கியின் நகத்துக்கடியில் ஒரு பல்லுக்குச்சியை விட்டுப் பாருங்கள், என்னென்ன வருகிறதென்று ஆச்சரியப்படுவீர்கள்.

சில துவக்குகளில் போல்ட்டைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங் தோளில் வைக்கும் பின்கட்டைக்குள் ஒரு குழாயில் இருக்கும். சதுப்பில் நின்று சுடுபவர்களின் துவக்குக்குள் தண்ணீர் இறங்கி அங்கே தங்கும். வெளியே மினுக்கம், உள்ளே துரு. வருடத்துக்கு ஒரு தரமாவது அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எண்ணெய்

இங்கேதான் நான் அடிபட்டேன். போல்ட் ஓடும் தண்டவாளத்தில் பக்கத்துக்கு ஒரு சொட்டு, போல்ட் தலையில் ஒரு சொட்டு, மற்ற உலோகமெல்லாம் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. அறையும் குழலும் சுடுவதற்கு முன் உலர்ந்திருக்க வேண்டும். தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி ஓடும் துளைக்குள் எண்ணெய் ஊற்றவே வேண்டாம், அது தூசியைப் பிடித்துப் பசையாகி ஊசியின் வேகத்தைக் குடித்துவிடும். குளிர்நாட்டில் மெல்லிய துவக்கு எண்ணெய், அதையும் துடைத்து எடுத்த மாதிரி. எங்கள் பக்கம் மாரியில் வெளிப்புறத்துக்குக் கொஞ்சம் தாராளமாகப் பூசலாம், கொட்டியாரக் குடாவிலிருந்து வாடை அடிக்கும் மாதங்களில் ஈரவிரல் பட்ட இடம் மறுநாளே சிவக்கும். ஆனால் அதுவும் வெளிப்புறத்துக்குத்தான். துணி உறைக்குள் போட்டு மாதக்கணக்காக வைக்காதீர்கள், உறை ஈரத்தைக் குடித்துத் துவக்குக்கே ஊட்டும்.

மாட்டியபின் மகசின் மூடியை இறுக்குங்கள், பத்துப் பதினைந்து வெடிக்குப் பிறகு திரும்பவும் இறுக்கிப் பாருங்கள், இளகியிருக்கும். மருந்தில்லாத பொய்த் தோட்டா வாங்கி வைத்தால் வீட்டிலேயே ஏறி இறங்குகிறதா என்று சோதிக்கலாம்.

சுட்டுப் பார்ப்பது

அனுமதியுள்ள சுடுகளத்தில், அறையில் ஒன்று, மகசினில் ஒன்று மட்டும் போட்டுத் தொடங்குங்கள். சிக்கினால் உடனே இழுத்து எடுக்காமல் என்ன நிலையில் நிற்கிறது என்று பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். சுட்ட கோது வெளியே வராவிட்டால் தோட்டா மெல்லியது, அல்லது வாயுத் துளையோ அறையோ அழுக்கு. கோது வெளியே போய்ப் புதியது ஏறாவிட்டால் மகசின் ஸ்பிரிங்கையும் தோட்டாவை நிறுத்தும் தாழையும் பாருங்கள். கிளிக் என்று மட்டும் கேட்டால் குழலை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் அசையாமல் நில்லுங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு, பிறகுதான் திறக்க வேண்டும். 'பொப்' என்று சோர்ந்த சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்தி, வெறுமையாக்கி, குழலுக்குள் ஏதும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்த குழலில் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தோட்டாவையும் மாற்றி ஸ்பிரிங்கையும் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று கடைசிவரைக்கும் தெரியாது. என் துவக்கில் எண்ணெயைத் துடைத்ததும் ஒரு பெட்டி, 25 தோட்டா, ஒன்றும் சிக்காமல் போனது. அந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒற்றைக்குழலை மடியில் வைத்துப் போத்தலைத் திறந்தார். "உன்ர துவக்குக்குத்தான் வருத்தம், இதுக்கில்லை" என்றார். அவருடையதில் ஓடுகிற சாமானே இல்லையே, நான் என்ன சொல்ல.