கே-ஜெட்ரானிக் வண்டியில் ஐட்லிங் குலுங்கினால்: பிரஷர் முதலில், ஸ்குரூ கடைசியில்

பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் 1973-ல் வண்டிகளுக்கு வந்த மெக்கானிக்கல் ஃபியூயல் இஞ்செக்‌ஷன். எஞ்சின் இழுக்கும் காற்று ஒரு வட்டத் தட்டைத் தூக்கும். தட்டு ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிளஞ்சரைத் தூக்கும். பிளஞ்சர் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு பெட்ரோல் இஞ்செக்டர்களுக்குப் போகும். அந்தப் பிளஞ்சரை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பெட்ரோல் அழுத்தம்தான் கன்ட்ரோல் பிரஷர். அது கூடினால் கலவை லீன் ஆகும் (பெட்ரோல் குறையும்), குறைந்தால் ரிச் ஆகும் (பெட்ரோல் கூடும்). ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, தட்டு கொஞ்சம்தான் தூக்கியிருக்கும் என்பதால், சின்னக் கோளாறுகூட அங்கேதான் முதலில் தெரியும்.

இங்கே தரும் அளவுகள் முதல் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ 1.8-க்கு உரியவை. வால்வோ 240, மெர்சிடிஸ் 230இ போன்றவற்றிலும் வேலை இதே வரிசைதான். அளவுகளை அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐட்லிங் குலுங்கினால் பலரும் உடனே 3 மி.மீ. அலன் கீயை எடுத்துக் கலவை ஸ்குரூவைத் திருப்புகிறார்கள். இந்தப் பழக்கம்தான் நல்ல வண்டிகளைக் கெடுக்கிறது. ஏர் லீக்கையோ பிரஷர் குறையையோ ஸ்குரூவால் மூடி மறைத்தால், ஐட்லிங் ஓரளவு நிற்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வேறு இடத்தில் கோளாறு தலைகாட்டும். பிளக், டைமிங், வால்வ் இடைவெளி மூன்றும் சரி என்று உறுதியான பிறகே கீழே உள்ளதைத் தொடங்குங்கள்.

முதலில் ஏர் லீக். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் ஓட்டம் தடுமாற வேண்டும். தடுமாறவில்லை என்றால் அளக்கப்படாத காற்று ஏற்கெனவே வேறு வழியில் நுழைகிறது. தட்டுக்கும் திராட்டில் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் காற்றுக்குழாயைக் கழற்றி, அடிப்பக்கத்தை மடக்கிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் மேலிருந்து கண்ணுக்குத் தெரியாத மடிப்புகளில்தான் இருக்கும். டிப்ஸ்டிக் சீல், பிரேக் பூஸ்டர் ஹோஸ் இரண்டையும் விடாதீர்கள். இஞ்செக்டர் ஓ-ரிங்குகள் வெப்பத்தில் கல்லாகிவிடும். அவற்றை மாற்றும்போது ஹெட்டில் திருகியிருக்கும் இன்செர்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் அதன் மரை வழியாகவும் காற்று இழுக்கும்.

அடுத்தது, குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் காற்று விடும் ஆக்ஸிலரி ஏர் வால்வ். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதன் ஹோஸை நசுக்கினால் ஆர்பிஎம் விழ வேண்டும். சூடான பிறகு நசுக்கினால் மாற்றமே தெரியக் கூடாது.

இனி பிரஷர். 0 முதல் 7 பார் வரை காட்டும், வால்வ் பொருத்திய கேஜ் வேண்டும். லைனில் 5 பார் அழுத்தத்தில் பெட்ரோல் நிற்கிறது. எஞ்சின் ஆறியிருக்கட்டும், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், லைன் இணைப்பைத் துணியால் சுற்றிக்கொண்டு மெதுவாகத் தளர்த்துங்கள், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கேஜை டிஸ்ட்ரிபியூட்டருக்கும், எஞ்சின் சூட்டுக்கேற்பக் கன்ட்ரோல் பிரஷரை மாற்றும் வார்ம்-அப் ரெகுலேட்டருக்கும் நடுவே மாட்டி, வால்வை ரெகுலேட்டர் பக்கம் வையுங்கள். பிறகு பேட்டரியை இணைத்து, பம்ப் ரிலேயை பிரிட்ஜ் செய்து பம்பை ஓட்டுங்கள். பம்ப் ஓடும்போது தட்டைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். சிலிண்டரில் பெட்ரோல் தேங்கிவிடும்.

வால்வை மூடினால் கேஜ் காட்டுவது சிஸ்டம் பிரஷர்: 4.7 முதல் 5.4 பார். குறைவாக இருந்தால் உடனே சிஸ்டம் பிரஷர் ரெகுலேட்டரைப் பிரிக்க வேண்டாம். ரிட்டர்ன் லைனை அளவு ஜாடியில் விட்டு 30 விநாடி பாருங்கள். சுமார் 750 மில்லியாவது வர வேண்டும். வரவில்லை என்றால் ஃபில்டர், டேங்க் சல்லடை, பம்புக்கு வரும் வோல்டேஜ் ஆகியவற்றில் தேடுங்கள். வரத்து சரியாக இருந்தும் பிரஷர் குறைவு என்றால்தான் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் உள்ள ரெகுலேட்டர் போல்ட்டைத் திறக்க வேண்டும். ஓ-ரிங்கையும் சீல் வாஷரையும் புதிதாகப் போடுங்கள். ஸ்பிரிங்குக்குப் பின்னால் உள்ள ஷிம்மில் (மெல்லிய வளையம்) 0.1 மி.மீ. தடிமன் கூட்டினால் ஏறத்தாழ 0.06 பார் ஏறும், 0.5 மி.மீ. கூட்டினால் 0.3 பார். பிஸ்டனில் கீறல் விழாமல் கையாளுங்கள், அது அந்தத் துளைக்கே இழைத்துப் பொருத்தியது. பிரஷர் அதிகமாக இருந்தால், ஷிம்மைக் குறைக்கும் முன் ரிட்டர்ன் லைன் அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள்.

வால்வைத் திறந்தால் தெரிவது கன்ட்ரோல் பிரஷர். குளிர்ந்த நிலையில் குறைவாகத் தொடங்கி, சூடான பிறகு 3.4 முதல் 3.8 பாரில் நிற்க வேண்டும். ஏறாமல் கீழேயே நின்றால் வண்டி கறுப்புப் புகையோடு ஐட்லிங்கில் திணறும். வார்ம்-அப் ரெகுலேட்டர் கனெக்டருக்கு 11.5 வோல்ட்டாவது வருகிறதா, ஹீட்டர் சுருள் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். 4 பாரைத் தாண்டினால், வார்ம்-அப் ரெகுலேட்டர் நுழைவாயிலில் உள்ள நுண்சல்லடை துருவால் அடைத்திருக்கும், அல்லது அதன் ரிட்டர்ன் அடைத்திருக்கும். பல நாள் நின்ற வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படும் இடம் இந்தச் சல்லடைதான்.

பம்பை நிறுத்தி 10 நிமிடம் கழித்தும் சுமார் 2.5 பார் நிற்க வேண்டும். இறங்கிவிட்டால், சூடாக நின்ற எஞ்சின் திரும்ப ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். பம்பின் செக் வால்வ் (பெட்ரோல் திரும்பாமல் தடுப்பது), அக்யுமுலேட்டர் (அழுத்தத்தைத் தேக்கி வைப்பது), கோல்ட் ஸ்டார்ட் வால்வ் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் கூடுதல் பெட்ரோல் தெளிப்பது), இஞ்செக்டர் என்று வரிசையாகப் பாருங்கள். கோல்ட் ஸ்டார்ட் வால்வின் மின் கனெக்டரைப் பிரித்து, வால்வைக் கழற்றி, நுனியைத் துடைத்துவிட்டு பம்பை ஓட்டினால் ஒரு நிமிடத்துக்குள் சொட்டு விழக் கூடாது. சொட்டினால் ஐட்லிங்கை ரிச் ஆக்குவதும் அதுவேதான்.

ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆனால் நான்கு இஞ்செக்டர்களையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி ஜாடியில் விட்டு, பம்பை ஓட்டி, தட்டை லேசாகத் தூக்குங்கள் (இஞ்செக்டர்கள் வெளியே இருப்பதால் சிலிண்டரில் பெட்ரோல் தேங்காது). ஒன்றில் மட்டும் அளவு குறைந்தால் அதைப் பக்கத்து லைனுக்கு மாற்றிப் பாருங்கள். குறை இஞ்செக்டரோடு போனால் இஞ்செக்டர் மாற்ற வேண்டும். லைனிலேயே நின்றால் டிஸ்ட்ரிபியூட்டரில் அடைப்பு.

இவ்வளவும் சரியான பிறகுதான் ஸ்குரூ. ஆயில் 80 டிகிரி சூட்டில் இருக்கட்டும், விளக்கும் ஃபேனும் ஓடக் கூடாது. திராட்டில் பாடியில் உள்ள ஐடில் ஸ்குரூவால் 900 முதல் 1000 ஆர்பிஎம் வையுங்கள். பிறகு 3 மி.மீ. நீள அலன் கீயை அழுத்தாமல் இறக்கி, வலப்பக்கம் திருப்பினால் ரிச், இடப்பக்கம் லீன். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். கீ உள்ளே இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரைத் தொடவே கூடாது. தட்டு எழும்பி லீவரை வளைத்துவிடும். கீயை எடுத்து, துளையின் மூடியை மாட்டி, ஒருமுறை லேசாக ரேஸ் கொடுத்து, எஞ்சின் அடங்கிய பிறகு கேஸ் அனலைசரை வாசியுங்கள். கார்பன் மோனாக்சைடு 0.5 முதல் 1.5 சதவீதத்துக்குள் வந்ததும் ஆர்பிஎம்மை மறுபடி பாருங்கள், ஒன்றைத் திருப்பினால் மற்றது நகரும்.