சான்றிதழ் கோரிக்கையில் நீட்டிப்புகளைப் படிக்கும்போது

இணையதளம் போன்றவற்றின் அடையாளத்தை உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழில், கூடுதல் விவரங்களைத் தாங்கும் நீட்டிப்புகளுக்கெனத் தனிப் புலம் உண்டு. ஆனால் சான்றிதழ் கேட்டு விண்ணப்பதாரர் அனுப்பும், சிஎஸ்ஆர் எனப்படும் கையொப்பக் கோரிக்கையில் அவை பண்புக்கூறுகளின் தொகுப்புக்குள், 1.2.840.113549.1.9.14 என்ற அடையாள எண் கொண்ட ஒரே கூறின் மதிப்பாகப் பொதிந்திருக்கின்றன. விண்டோஸ் கருவிகள் உருவாக்கிய பழைய கோரிக்கைகளில் 1.3.6.1.4.1.311.2.1.14 என்ற எண்ணும் வரக்கூடும் என்பதால், நேரடியாகப் பகுத்துப் படிக்கும் நிரல் இரண்டையும் தேட வேண்டும்.

பைத்தானின் கிரிப்டோகிராஃபி நூலகம் இவற்றைத் தானே பிரித்துத் தருகிறது. எனினும், சான்றிதழ் பொருந்த வேண்டிய டொமைன் முதலான பெயர்களைப் பட்டியலிடும் மாற்றுப் பெயர்கள் நீட்டிப்பைக் கேட்கும்போது அது இல்லையெனில் வெற்று மதிப்பு வராமல் எக்ஸ்டென்ஷன்நாட்ஃபவுண்ட் என்ற பிழை எழும் என்பதால், அதைப் பிடித்துக் கையாளுங்கள்.

படித்தவை யாவும் விண்ணப்பதாரர் கேட்பவை மட்டுமே. கோரிக்கையின் கையொப்பம் சரியாக இருப்பதாலேயே அந்த டொமைன் அவருடையது என்று ஆகிவிடாது. குறிப்பாக, அடிப்படைக் கட்டுப்பாடுகள் நீட்டிப்பில் சிஏ உரிமை, அதாவது பிறருக்குச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம், கேட்கப்பட்டிருந்தால், அதைச் சரிபார்க்காமல் சான்றிதழுக்குள் நகலெடுக்கவே கூடாது.