கடனட்டையோடு ஒட்டிவரும் காப்புறுதி: பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இங்கு வந்து போன் நம்பர் எடுத்துச் சில வாரங்களுக்குள்ளேயே அந்த அழைப்பு வரலாம். "உங்களுக்கு பிபிஐ பணம் வரவேண்டியிருக்கிறது, இத்தனை ஆயிரம் பவுண்ட், கோப்புக் கட்டணத்தை மட்டும் முதலில் கட்டிவிடுங்கள்" என்று மிகவும் மரியாதையாகச் சொல்வார்கள். பிபிஐ என்பது முன்பு கடனோடு சேர்த்து விற்ற ஒரு காப்புறுதி. நீங்கள் கடந்த சில வருடங்களுக்குள் வந்தவர் என்றால் உங்களுக்கு அப்படி ஒரு பணம் கிடையாது. போனை வைத்துவிடுங்கள். ஏற்கெனவே வங்கி விபரம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் 159 என்ற இலக்கத்தை அழையுங்கள். அது உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவுக்கு நேரே இணைக்கும்.

ஆனாலும் பிபிஐ என்றால் என்ன, அதில் என்ன நடந்தது என்பதைப் புதிதாக வந்த ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நீங்கள் தங்கியிருக்கும் வீட்டு மாமாவுக்கோ அன்ரிக்கோ இன்னமும் அதில் உரிமை இருக்கக்கூடும். அதைவிட முக்கியமானது, அதே மாதிரியான பொருளை வேறு பெயரில் நாளை உங்களுக்கும் விற்க வருவார்கள்.

பிபிஐ என்பது கடன் தவணைக்கான காப்புறுதி. நோய் வந்தாலோ, விபத்து நடந்தாலோ, வேலை போனாலோ குறிப்பிட்ட காலத்துக்கு உங்கள் மாதத் தவணையை அது கட்டும். யோசனையில் பிழையில்லை. பிழை விற்ற விதத்தில்தான். கடனட்டையில் இதற்கென்று தனியாக ஒரு பில் வராது. மாதக் கடைசியில் அட்டையில் நிற்கும் கடனில், நூறு பவுண்டுக்கு இத்தனை பென்ஸ் என்று எடுத்துக்கொள்வார்கள். நூறு பவுண்டுக்கு 70, 80 பென்ஸ் என்றால் கண்ணில் படாது. ஆனால் 3,000 பவுண்ட் கடன் நின்றால் அது மாதம் 20 பவுண்டுக்கு மேல். அந்தத் தொகையும் கடனோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஓடும்.

சென்ற வருடம் ஒரு அன்ரி தன் பழைய கடிதக் கட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். இருபது வருடத்துக்கு முந்திய கடனட்டைக் கணக்குத் தாள்கள். சூப்பர்மார்க்கெட், பெற்றோல், ஊருக்கு எடுத்த விமானச் சீட்டு என்று வரிசையாகப் போய், ஆகக் கீழே வட்டிக்கு மேல் ஒரு வரி: 'பேமண்ட் கவர்', 11 பவுண்ட் சொச்சம். அடுத்த மாதத் தாளிலும் அதே வரி, தொகை மட்டும் கொஞ்சம் கூட. அன்ரி அப்போது இரண்டு இடங்களில் பகுதிநேரமாகத் துப்புரவு வேலை செய்தவர், ஒன்றிலும் வாரம் 16 மணித்தியாலம் வராது. "இது கட்டாயம் எண்டு நினைச்சன் தம்பி, அட்டையோட வாறதுதானே எண்டு" என்றார். அவருடைய நிலையில் அந்தக் காப்புறுதி ஒரு பென்ஸ்கூடக் கொடுத்திருக்காது. வாரம் 16 மணித்தியாலத்துக்குக் குறைவாக வேலை செய்தவர்களை அந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை வேலையிழப்புக்கு ஏற்றுக்கொள்ளவில்லை. சொந்தத் தொழில் செய்தவர்கள், தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்தவர்கள், ஏற்கெனவே நோய் இருந்தவர்கள் எல்லோருக்கும் இப்படி ஏதாவது ஒரு விலக்கு இருந்தது. எங்கள் சனம் வந்த புதிதில் செய்த வேலைகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, ஏஜென்சி வேலை, சொந்தக் கடை. விலக்குப் பட்டியலுக்குள் நேராக விழுந்தவர்கள் நாங்கள்தான்.

மொத்தமாக நாடெங்கும் சுமார் 6.4 கோடி பிபிஐ திட்டங்கள் விற்கப்பட்டன. அதிகமானவை 1990க்கும் 2010க்கும் இடையில். 2005இல் மக்களுக்கு இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு அதிகாரபூர்வமாக முறைப்பாடு கொடுத்த பிறகுதான் விடயம் சூடுபிடித்தது. கடன் கொடுக்கும் அதே நேரத்தில் இதையும் சேர்த்து விற்பது பின்னர் தடுக்கப்பட்டது. வங்கிகள் சும்மா இருக்கவில்லை, பிபிஐ முறைப்பாடுகளைக் கையாளும் விதிகளை எதிர்த்து நீதிமன்றம் போயின. 2011 ஏப்ரலில் தோற்றன, மேன்முறையீடு செய்யாமல் விட்டன. அதிலிருந்து 2019 முடியும் வரை வங்கிகளும் கடன் நிறுவனங்களும் மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தது சுமார் 3,800 கோடி பவுண்ட். வங்கியிடம் நேரடியாக பிபிஐ முறைப்பாடு கொடுப்பதற்கான கடைசித் திகதி 2019 ஆகஸ்ட் 29. மிகவும் விசேடமான காரணம் இருந்தாலொழிய அந்த வழி இப்போது மூடியாகிவிட்டது.

பழைய ஆட்களுக்கு மிச்சமிருக்கும் வழி

முறைப்பாட்டுக் கதவு மூடினாலும் நீதிமன்ற வழி முழுதாக மூடவில்லை. இதைத்தான் பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

2014இல் உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) பிளெவின் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒரு விதவைப் பெண் 34,000 பவுண்ட் கடனோடு 5,780 பவுண்டுக்கு பிபிஐ எடுத்திருந்தார். அந்தக் காப்புறுதிப் பணத்தில் 71.8 வீதம் இடையில் நின்ற தரகருக்கும் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் தரகாகப் போயிருந்தது, அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அப்படி மறைத்ததே நியாயமற்ற உறவு, 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்துக்கு முரண் என்றது நீதிமன்றம். கட்டிய ஒவ்வொரு 100 பவுண்டிலும் கிட்டத்தட்ட 72 பவுண்ட் காப்புறுதிக்கே போகவில்லை என்பதை வாசித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

பிறகு 2023 ஒக்டோபரில் ஸ்மித் எதிர் ரோயல் பாங்க் ஒஃப் ஸ்கொட்லண்ட் வழக்கு. இது கடனட்டை பிபிஐ பற்றியது. அந்தப் பெண் பிபிஐ கட்டுவது 2006இலேயே நின்றுவிட்டது. ஆனால் கடனட்டை ஒப்பந்தம் 2015 வரை உயிரோடு இருந்தது. 2019இல் அவர் வழக்குப் போட்டார். காலம் கடந்துவிட்டது என்றது வங்கி. இல்லை, கடன் உறவு முடிந்த நாளிலிருந்துதான் 6 வருடத்தை எண்ண வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது.

ஆகவே வீட்டில் பெரியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: முன்பு பிபிஐ எடுத்த அதே கடனட்டை இன்னும் பாவனையில் இருக்கிறதா, அல்லது கடந்த 6 வருடத்துக்குள் மூடியதா? ஆம் என்றால், ஏற்கெனவே முழு இழப்பீடு வாங்காதவர்களுக்கு விசாரித்துப் பார்க்க இடமிருக்கிறது. இது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி சொல்வது, ஸ்கொட்லாந்தில் காலக்கெடு விதிகள் வேறு. முதல் வேலை, அந்த வங்கியிடம் தன்னைப் பற்றி வைத்திருக்கும் எல்லாத் தரவையும் கேட்டு எழுதுவது. இதற்குக் கட்டணமில்லை, ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். அந்தத் தாள்களோடு சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்துக்கோ இலவச சட்ட ஆலோசனை நிலையத்துக்கோ போங்கள். வழக்குப் போடுவது செலவுள்ள காரியம், தோற்றால் நீதிமன்றக் கட்டணம் போய்விடும். 80 பவுண்டுக்காக அலைய வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் பத்து வருடம் கட்டியவர்களுக்குத் தொகை சின்னதாக இராது.

இப்போது உங்களிடம் விற்பவை

பிபிஐ என்ற பெயரில் இன்று பெரிதாக ஒன்றும் விற்பதில்லை. மாதக் கட்டணத்தோடு வரும் வங்கிக் கணக்கு, அதற்குள் பயணக் காப்புறுதி, போன் காப்புறுதி, வீதியில் கார் நின்றால் உதவி. அடையாளத் திருட்டுப் பாதுகாப்பு. சம்பளம் நின்றால் கொடுக்கும் குறுங்காலக் காப்புறுதி. இவை எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. கார் இல்லாதவருக்குக் கார் உதவி, 70 வயதுக்கு மேற்பட்ட அம்மாவுக்கு வயதெல்லை கடந்த பயணக் காப்புறுதி என்று தலையில் கட்டினால்தான் பிரச்சினை.

அட்டைப் பாதுகாப்பு என்று ஒன்று இருந்தது. புது அட்டை தபாலில் வரும், அதில் ஒட்டியிருக்கும் இலக்கத்துக்கு அழைத்தால்தான் அட்டை வேலை செய்யும். அழைத்தவர்களிடம் சிபிபி என்ற நிறுவனம் அட்டை தொலைந்தால் பாதுகாப்பு என்று காப்புறுதி விற்றது. உங்கள் கவனயீனமோ ஏமாற்றோ இல்லாத இடத்தில், திருடப்பட்ட கடனட்டையில் உங்கள் பொறுப்புச் சட்டப்படி ஆகக் கூடியது 35 பவுண்ட். இல்லாத ஆபத்துக்குக் காசு வாங்கினார்கள். 2012இல் அந்த நிறுவனத்துக்கு 1.05 கோடி பவுண்ட் அபராதம், அடுத்த வருடம் வங்கிகளும் சேர்ந்து இழப்பீட்டுத் திட்டம்.

ஈஸ்ட்ஹாமில் தங்கிப் படிக்கும் ஒரு தம்பி அண்மையில் எனக்குப் போன் எடுத்தான். "அண்ணை, வங்கியில இருந்து கதைக்கினம். கார்ட்டுக்குப் பாதுகாப்புத் திட்டம் ஒண்டு இருக்காம், முதல் மாசம் இலவசமாம். ஓமெண்டு சொல்லட்டோ?"

"இப்ப ஒண்டும் சொல்லாதை. விபரத்தை எழுத்தில அனுப்பச் சொல்லு. வாசிச்சிட்டுச் சொல்லுறன் எண்டு சொல்லிப்போட்டு வை."

எழுத்தில் ஒன்றும் வரவில்லை. மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம் வரைதான் வேலை செய்யலாம், அதுவும் பெரும்பாலும் நிச்சயமில்லாத மணித்தியாலங்கள். வேலையிழப்புக் காப்புறுதி உங்களுக்குப் பணம் தருமா என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள், விலக்குகள் என்ற பகுதியை நீங்களே வாசியுங்கள். குறைந்தது எத்தனை மாதம் ஒரே வேலையில் இருக்க வேண்டும், வாரம் எத்தனை மணித்தியாலம், விசா முடிவதற்கு எவ்வளவு காலம் இருக்க வேண்டும், இவை மூன்றையும் தேடுங்கள்.

அவசரத்தில் ஓம் என்று சொல்லிவிட்டால்? பெரும்பாலான காப்புறுதிகளை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்துச் செய்யலாம். கடன் தவணைக் காப்புறுதிக்கு 30 நாள். தொலைபேசியில் சொன்னாலும் ஒரு மின்னஞ்சலும் போட்டுவிடுங்கள்.

முறைப்பாடு எழுதுவது

நாள் கடந்த பிறகுதான் தவறு தெரியவருகிறது என்றால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத வேண்டும். நல்ல ஆங்கிலம் தேவையில்லை. தலைப்பில் இது முறைப்பாடு என்று தெளிவாகப் போடுங்கள். கணக்கு இலக்கம், எப்போது விற்றார்கள், நேரிலா போனிலா, அப்போது உங்கள் வேலை என்ன, என்ன சொன்னார்கள், எதைச் சொல்லவில்லை. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். கடைசியில் நீங்கள் கேட்பதைச் சொல்லுங்கள்: கட்டிய பணம், அதற்கு அட்டையில் ஓடிய வட்டி, அதற்கு மேல் இழப்பீட்டு வட்டி. பிபிஐ காலத்தில் அந்த இழப்பீட்டு வட்டி வருடம் 8 வீதமாகத்தான் கணக்கிடப்பட்டது. போனில் விற்றிருந்தால் ஒலிப்பதிவையும் கேளுங்கள்.

பலர் பயப்படுவது ஒன்றுக்கு: முறைப்பாடு செய்தால் கடன் தரப்புள்ளி குறையுமோ, விசாவுக்குப் பிரச்சினை வருமோ? இரண்டும் இல்லை. முறைப்பாடு உங்கள் கடன் வரலாற்றில் பதியப்படுவதே கிடையாது, உள்துறை அமைச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வங்கியில் முகம் முறிந்துவிடும் என்று பேசாமல் இருப்பது எங்கள் ஆட்களிடம் உள்ள பழக்கம். அந்தத் தயக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள்.

நிறுவனத்துக்கு 8 கிழமை அவகாசம். அதற்குள் பதில் வராவிட்டாலோ, வந்த இறுதிப் பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ வாடிக்கையாளருக்கும் நிதி நிறுவனத்துக்கும் இடையிலான பிணக்கைத் தீர்க்கும் நிதி ஒம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். உங்களுக்கு இலவசம். 0800 023 4567. தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்றால் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. இறுதிப் பதில் கிடைத்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், இந்தத் திகதியை மட்டும் தவற விடாதீர்கள். பொதுவாகச் சம்பவம் நடந்து 6 வருடம், அல்லது தவறு தெரியவந்து 3 வருடம், எது பிந்தியதோ அதற்குள் முறைப்பாடு கொடுத்திருக்கவும் வேண்டும்.

பணம் மீட்டுத் தருகிறோம் என்று வரும் நிறுவனங்கள் செய்வது இதே கடிதத்தைத்தான். பிபிஐ காலத்தில் அவர்கள் எடுத்த பங்கு அளவுக்கு மீறிப் போனதால் 2018இல் 20 வீதமும் வரியும் என்று உச்ச வரம்பு வைத்தார்கள். மற்றைய நிதி இழப்பீடுகளில் இன்று 30 வீதம் வரை கேட்க முடியும். ஆயிரம் பவுண்ட் வந்தால் முந்நூறு அவர்களுக்கு. உங்களிடம் தமிழில் கதைத்தாலும், கோயிலில் அறிமுகமானவராக இருந்தாலும், கையொப்பம் வைக்கமுன் அந்த நிறுவனம் எஃப்சிஏ (நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கார் தவணைக்கு எடுத்தவர்களுக்கு இன்னொரு விடயம். 2007 ஏப்ரல் 6க்கும் 2024 நவம்பர் 1க்கும் இடையில் போட்ட கார்க் கடன் ஒப்பந்தங்களில் விற்பனையாளருக்குப் போன தரகு மறைக்கப்பட்டதா என்பது பிபிஐக்குப் பின் எழுந்த பெரிய விவகாரம். 2025 ஓகஸ்ட் 1இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அந்தக் காலத்து ஒப்பந்தங்களுக்கான இழப்பீட்டுத் திட்டத்தை எஃப்சிஏ கையில் எடுத்தது. வந்த அடுத்த வருடமே கார் எடுத்தவர்கள் எத்தனையோ பேர் எங்களுக்குள் இருக்கிறார்கள். காரை விற்றிருந்தாலும் பரவாயில்லை. பழைய ஒப்பந்தத் தாளைத் தேடி எடுங்கள், கிடைக்காவிட்டால் கடன் கொடுத்த நிறுவனத்திடம் பிரதி கேளுங்கள். எஃப்சிஏ தளத்தில் இப்போதைய திகதிகளைப் பார்த்துக்கொண்டு, இடையில் ஒருவரையும் வைக்காமல் அந்த நிறுவனத்துக்கே நேராக எழுதுங்கள்.