ஏசி வாங்கப் போனால் ஸ்டாரை மட்டும் எண்ணாதீர்கள்

கடைக்குள் நுழைந்ததும் நம்மில் பலர் முதலில் கேட்பது, “அஞ்சு ஸ்டார் இருக்கா?” என்றுதான். கேட்பது சரி. ஆனால் ஸ்டாரை எண்ணிவிட்டு லேபிளில் இருக்கும் மற்றதைப் படிக்காமல் விடுகிறோமே, பணம் அங்கேதான் போகிறது.

மின்சாரச் சிக்கனத்தைக் கவனிக்கும் மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு 2006-இல் கொண்டுவந்த இந்த ஸ்டாருக்கான அளவுகோல் மாறிக்கொண்டே இருக்கும். ஏசி இழுக்கும் கரண்டுக்கு சீசன் முழுக்க எவ்வளவு குளிர்ச்சி தருகிறது என்பதைக் காட்டுவது ஐ.எஸ்.இ.இ.ஆர். எண். ஸ்பிளிட் ஏசிக்கு அது 4.5 இருந்தாலே 2018-இல் 5 ஸ்டார். 2022 ஜூலையில் அதை 5.0 ஆக்கினார்கள். ஆக, 4.6 உள்ள ஏசி அதற்கு முந்தைய நாள் 5 ஸ்டார், மறுநாள் 4 ஸ்டார். பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தந்தாலும், செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும், லேபிளில் உள்ள ஆண்டைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

அதே லேபிளில் ஓர் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்றும் இருக்கும். ஏசிக்கு அது 1600 மணி நேரக் கணக்கு. கோடையில் 4 மாதம், இரவில் 8 மணி நேரம் மட்டும் போடுகிற வீட்டில் 960 மணிதான் ஆகிறது. 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் லேபிளில் 200 யூனிட் வித்தியாசம் என்றால், உங்களுக்கு மிச்சமாவது 120 யூனிட். கூடுதல் விலை எத்தனை வருஷத்தில் திரும்பும் என்று கடையிலேயே கணக்குப் போட்டுவிடலாம். பகலிலும் ஏசி ஓடும் கடை, கிளினிக் என்றால் யோசிக்காமல் 5 ஸ்டார் வாங்குங்கள்.

‘இன்வெர்ட்டர்’ (தேவைக்கேற்ப கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) என்று எழுதியிருந்தால் 5 ஸ்டார் என்று அர்த்தமில்லை. 3 ஸ்டாரிலும் இன்வெர்ட்டர் ஏசி உண்டு. ஃபிரிட்ஜிலும் பெரிய 5 ஸ்டாரைவிடச் சின்ன 3 ஸ்டார் குறைவாகக் கரண்ட் இழுக்கலாம். அங்கும் யூனிட்டைப் பாருங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஃபேன் விஷயம். ஏசிக்கு இவ்வளவு விசாரிக்கிறவர்கள், நாளெல்லாம் சுற்றும் ஃபேனை விட்டுவிடுகிறார்கள். சாதாரண ஃபேன் 75 வாட் எடுக்கும், பிரஷ் இல்லாத டி.சி. மோட்டாரில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 வாட் போதும். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம், மூன்று ஃபேனுக்கு 120. தமிழ்நாட்டில் இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் கூடுதல் விலை விழுகிறது. 560, 580 என்று வருகிற வீட்டை அந்த 120 யூனிட்டே கோட்டுக்குக் கீழே இறக்கிவிடும்.