லிதுவேனிய மொழியில் ‘மூன்றில் பாதி’ என்றால் மூன்றரை இல்லை

போன வாரம் லிதுவேனியாவின் கௌனஸ் நகர ரயில் நிலையத்தில் ஒரு தம்பிக்காகக் காத்திருந்தேன். படிக்க வந்து மூன்று மாதம் ஆகிறது, மொழியும் கற்றுக்கொண்டிருக்கிறான். பயிற்சியாக இருக்கட்டுமே என்று தலைநகர் வில்னியுஸ் போக வேண்டிய நேரத்தை லிதுவேனிய மொழியிலேயே சொல்லியிருந்தேன்: ‘புஸே அஷ்துவோனியூ’, ‘எட்டில் பாதி’, அதாவது ஏழரை மணி. ரயில் போய் அரை மணி நேரம் கழித்து, கையில் காபியோடு சிரித்துக்கொண்டே வந்தான். “சீக்கிரமே வந்துட்டேன்ல அண்ணா?”

திட்ட வாய் வரவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் வந்து நின்றேன்.

எல்லாரும் செய்யும் சின்னச் சின்னத் தவறுகளை விட்டுவிடுகிறேன். கௌனே என்றால் கௌனஸில், ஈ கௌனா என்றால் கௌனஸுக்கு, இஷ் கௌனோ என்றால் கௌனஸிலிருந்து. வேற்றுமை உருபோடு வளர்ந்த நமக்கு இதெல்லாம் இரண்டு வாரத்தில் படிந்துவிடும். படியாதவை வேறு.

புஸே

புஸே என்றால் பாதி. த்ரியூ என்றால் மூன்றினுடைய. ‘புஸே த்ரியூ’ என்று கேட்டதும் நம் காது மூன்றைப் பிடித்துக்கொண்டு அரையைக் கூட்டி மூன்றரை ஆக்கிவிடும். தமிழில் அரை எப்போதும் கூட்டல்தானே. ஆனால் அவர்கள் சொல்வது இரண்டரை. இரண்டு மணியிலிருந்து மூன்று வரை ஓடுவது மூன்றாவது மணி நேரம். அதில் பாதி முடிந்திருக்கிறது. ஜெர்மன்காரரும் ரஷ்யரும் இதே கணக்குதான்.

நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். டிசம்பர் மாதம். நகரத்தின் நடுவில், என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் ஒரு வீடு. வீட்டுக்கார அம்மா தொலைபேசியில் ‘புஸே பெங்க்யூ’ என்றார். பெங்கி ஐந்து, அப்போ ஐந்தரை. எனக்கு ஒரே பெருமை, ஒரு வார்த்தை விடாமல் புரிந்துவிட்டதாம். அந்த மாதத்தில் இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். அவர் நாலரையிலிருந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, அடுத்து வந்தவருக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் சரியாக ஐந்தரைக்குப் போய், வேறு ஒருவர் பெட்டிகளை மாடிக்கு ஏற்றுவதை வேடிக்கை பார்த்தேன். அப்புறம் ஆறு வாரம் நாலு பேரோடு ஒரே அறை.

இன்றும் எரிச்சல் வருவது அந்த அம்மாமேல் இல்லை. இதைப் பாடத்தில் ஒரே வரியில் கடப்பதும், அந்த ஒரு வரியைப் படித்தவர்கள் “தெரியும், தெரியும்” என்று தலையாட்டுவதும்தான். தெரிவது வேறு, தெருவில் நிற்கும்போது காதில் விழுவது வேறு. புஸே என்று கேட்டவுடன் ஒன்றைக் கழிக்கும் பழக்கம் வரும்வரை உங்களை நீங்களே நம்பாதீர்கள். யாராவது நேரம் சொன்னால் 24 மணிக் கணக்கில் திருப்பிச் சொல்லுங்கள்: ‘கெதுரியோலிகா த்ரிஸ்தெஷிம்த்’, அதாவது 14:30. ரயில் அட்டவணையும் அப்படித்தான் இருக்கும். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பன்னிரண்டரைக்கு ‘புஸே பிர்மோஸ்’, முதலாவதில் பாதி. அங்கே எண்ணுப்பெயரே மாறுகிறது. கழித்துப் பார்த்தால் பூச்சியம் வந்து குழப்பும், அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

இரண்டு மணியும் இரண்டு மணி நேரமும்

‘அந்த்ரா வலந்தா’ என்றால் இரண்டு மணிக்கு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘இரண்டாவது மணியை’. ‘த்வி வலந்தாஸ்’ என்றால் இரண்டு மணி நேரமாக. ‘போ த்வியெயூ வலந்தூ’ என்றால் இரண்டு மணி நேரம் கழித்து. மூன்றையும் கலந்து, “இரண்டு மணி நேரமாக வருகிறேன்” என்று சொல்லாதவர் எங்கள் கூட்டத்தில் யாருமில்லை.

எல்லாவற்றுக்கும் ‘இல்’ போடுவது

இடத்துக்கு ஏழாம் வேற்றுமை சரி. காலத்துக்குப் பெரும்பாலும் இரண்டாம் வேற்றுமை. இந்த வெள்ளிக்கிழமை என்றால் பெங்க்ததியெனீ. வெள்ளிக்கிழமைகளில், வாராவாரம் என்றால் மூன்றாம் வேற்றுமைப் பன்மை: பெங்க்ததியெனியைஸ். ஆண்டுக்கும் இதே பன்மைதான், 1990 மேதைஸ். இவ்வளவும் பழகியபின் மாலைக்கு ‘வகரே’ என்று ஏழாம் வேற்றுமை வந்து நிற்கும். வாதாடிப் பயனில்லை.

இடத்திலும் ஒரு பள்ளம் உண்டு. மேசையில் இருக்கிறது என்று நினைத்து ‘ஸ்தலே’ என்றால் பொருள் மேசைக்குள்ளே போய்விடும். மேலே என்றால் ‘அந்த் ஸ்தாலோ’. பேருந்தில் வந்தேன் என்பதற்கு ‘ஔதோபுஸு’, பேருந்தால் வந்தேன் என்பதுபோல.

ஆளுக்கு இந்த உருபு கூடவே கூடாது. டாக்டரிடம் இருக்கிறேன் என்பதை ஏழாம் வேற்றுமையில் சொன்ன ஒருவர், டாக்டர் வயிற்றுக்குள் இருந்துகொண்டு பேசினார். நாம் ‘கிட்ட’ என்கிறோமே, அதற்கு அவர்களிடம் ‘பஸ்’: ‘பஸ் கீதீதோயா’. டாக்டர்கிட்ட போனாலும் அதே, டாக்டர்கிட்ட இருந்தாலும் அதே. தமிழ் கை கொடுக்கும் இடத்தில்கூட அதை மறந்துவிடுகிறோம்.

போ

நம்ம ‘போ’ இல்லை. போ ஸ்தலு, மேசைக்கு அடியில். போ பியெதூ, மதியச் சாப்பாட்டுக்குப் பின், அதாவது பிற்பகல். போ மியெஸ்தா, ஊரைச் சுற்றி. சொல் ஒன்றுதான், பின்னால் வரும் வேற்றுமைதான் பொருளைச் சொல்லும். போவை மட்டும் கேட்டுவிட்டு மேசைக்கு அடியில் தேடாதீர்கள்.

வீட்டுக்கு

நமோ. கௌனஸுக்குப் போட்ட ஈ இதற்கு முன்னால் வேண்டாம்.

கடைக் கதவு

திறக்கும் நாட்களைப் பல கடைகளில் ரோமன் எண்ணில்தான் எழுதியிருப்பார்கள். ஒன்று என்றால் திங்கள், ஞாயிறு இல்லை. இரண்டைத் திங்கள் என்று எண்ணி, பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.