மணியைப் படுத்திய தெள்ளுப்பூச்சி

எங்கள் நாய் மணி வாலடியைக் கடித்துக் கடித்து அங்கே ரோமமே கொட்டிவிட்டது. உண்ணி என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். எனக்குச் சந்தேகம். பேன் சீப்பால் வாரி, விழுந்த கருந்தூளை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டினேன். சுற்றிலும் செம்பழுப்பாகக் கசிந்தது. செரித்த ரத்தம், தெள்ளுப்பூச்சியின் எச்சமேதான்.

கால்நடை மருத்துவர் எடை பார்த்து ஃபிப்ரோனில் சொட்டு மருந்து தந்தார். மாதம் ஒருமுறை, நாக்கு எட்டாத பிடரியில் ரோமத்தை விலக்கித் தோலில் படும்படி விட வேண்டும். வேப்பெண்ணெயும் தடவிப் பார்த்தோம், நாற்றம்தான் மிச்சம்.

சரி, நாய் மேல் இருப்பது கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் அது படுக்கும் சாக்கிலும் சோபா இடுக்கிலும் தரை விரிசலிலும் கிடக்கும். சாக்கைத் தூக்கிப் போட்டேன், விரிப்புகளைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்தேன், இடுக்குகளை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சினேன். அப்புறமும் பூச்சி குதித்தது. புழு கூடு கட்டி அதற்குள் இருக்கும் பருவத்தை மருந்து அவ்வளவாக எட்டாது; நடமாட்டத்தின் அதிர்வும் உடல் சூடும் பட்டால் வெளியே வந்துவிடும். அதனால் சொட்டு மருந்தை நிறுத்தாமல், வீட்டையும் விடாமல் பெருக்கி உறிஞ்சியதில் சில மாதங்களில் அடங்கியது.

பூனையும் வளர்ப்பவர்கள் கவனிக்க: பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்து பூனைக்கு விஷம்.