மிச்சிகன் ஸ்டேடியத்துல மேட்ச் பாக்கப் போறீங்களா?

அமெரிக்காவுல ஆன் ஆர்பர்ல இருக்குற இந்த ஸ்டேடியம் மிச்சிகன் யுனிவர்சிட்டி அமெரிக்கன் ஃபுட்பால் டீமோடது, 'பிக் ஹவுஸ்'னுதான் சொல்வாங்க, 1927ல திறந்தது, 107,601 பேர் உக்காரலாம், அதனால மேட்ச் அன்னைக்கு ரோடெல்லாம் ஜாமாகிடும், கார கொஞ்சம் தள்ளி நிறுத்திட்டு நடந்துடுங்க. பரம எதிரி டீமான ஒஹாயோ ஸ்டேட் கூட நடக்குற மேட்ச் இங்க நடக்குறது ஒத்தப்படை வருஷத்துலதான், டிக்கெட் ரொம்ப காஸ்ட்லி, மொத தடவைனா செப்டம்பர்ல வர்ற சின்ன டீம் மேட்ச் போதும். நிறைய மேட்ச்சுக்கு டைம் ஒண்ணு ரெண்டு வாரம் முன்னாடிதான் தெரியும், டிவி சேனல் முடிவு பண்றது, ஃபிளைட்ட அதுக்கேத்த மாதிரி புக் பண்ணுங்க.

டிக்கெட் மொபைல்ல, வீட்லயே ஃபோன் வாலட் ஆப்ல சேத்துடுங்க, கூட்டத்துல நெட் திணறும். பை எடுத்துட்டுப் போகாதீங்க, எல்லாம் பாக்கெட்லயே வெச்சுக்கோங்க. சீட்னா பெஞ்சுல நம்பர் போட்டிருக்கும், நவம்பர்ல எல்லாரும் தடி ஜாக்கெட்ல வந்தா தோளோட தோள் இடிச்சுதான் உக்காரணும், பெஞ்சும் சில்லுனு இருக்கும், அடில போட ஏதாவது வெச்சுக்கோங்க.

தயவுசெஞ்சு லேட்டா மட்டும் போகாதீங்க! கிக்ஆஃப்க்கு, அதாவது மேட்ச் ஆரம்பிக்க, அரை மணி முன்னாடியே சீட்ல இருங்க, யுனிவர்சிட்டி மார்ச்சிங் பேண்டு, மைதானத்துக்கு வர்ற டனல்லேர்ந்து ஓடி வரும், அப்புறம் பிளேயர்ஸ் ஓடிவந்து எகிறி, மைதானத்துல தூக்கிப் பிடிச்சிருக்குற நீல பேனர தொடுவாங்க, மொத்த ஸ்டேடியமும் கத்தும், அத நேர்ல பாத்தே ஆகணும்.